வெள்ளம் கெடக்கு

அஞ்சு குதிரைச் சக்தி டீசல் என்ஜின்,
நூற்றிருபது அடி நீல ஹோஸ்,
மூணு கால் பிளாஸ்டிக் நாற்காலி
நாலாவது காலுக்கு ரயில்வே ஜல்லி.
மாங்கூட்டுவிளை சுரங்கப்பாதையில்
வெள்ளம் இறைக்கிறவன் நான்.
ரசலையன். ஒப்பந்தம்.
கடைசிச் சம்பளம் ஆவணியில்.

முன்பு இங்கே கேட் இருந்தது.
நாளைக்குப் பதினாலு தடவை அடைப்பு.
எல்லோரும் திட்டினோம். மனு கொடுத்தோம்.
மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது,
அதை இப்போது யாரிடமும் சொல்வதில்லை.

கேட்டைப் பிடுங்கி
பாதையைத் தண்டவாளத்துக்குக் கீழே இறக்கினார்கள்.
இறக்கிய இடம் தோடு போன இடம்.
தோட்டுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.
இடவப்பாதியில் ஒரு தடவை, துலாமழையில் ஒரு தடவை
அது பழைய விலாசத்துக்கே
வந்து படுத்துக்கொள்கிறது.

கிழக்கே இறைத்தால் புஷ்பலீலாவின் வாழை.
அவள் வெட்டுக்கத்தியோடு வந்து
ஹோஸைப் பார்த்துப் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.
மேற்கே திருப்பினேன்.
மேற்கே போனது கலுங்கைச் சுற்றிக்கொண்டு
சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது.
ஒரே வெள்ளத்துக்கு ரெண்டு தடவை டீசல்.
பில்லில் அப்படி எழுத இடமில்லை.

சுவரில் அளவுகோல் வரைந்திருக்கிறார்கள், சிவப்புப் பெயின்டில்.
எங்களுக்கு அது வேண்டாம்.
முட்டளவு என்றால் பைக் வராது.
இடுப்பளவு என்றால் பஸ் வராது.
அதற்கு மேல் என்றால்
தெப்பத் திருவிழா என்று சொல்லிப் பையன்கள் வருவார்கள்.

பஸ் வராத நாட்களில்தான் அது நடந்தது.
தக்கலைப் பக்கத்து வண்டி கிழக்கு வாயில் நிற்கும்,
கருங்கல் பக்கத்து வண்டி மேற்கு வாயில்.
ஜனங்கள் சரிவில் ஏறி,
'தண்டவாளத்தைக் கடப்பது குற்றம்' பலகையை
ஒரு கையால் பிடித்துக்கொண்டு
அந்தக் கரைக்குப் போவார்கள்.
மீன் சருவம், ரப்பர் ஷீட்டுக் கட்டு,
ஒரு தடவை தையல் மிஷின், தலை தனியாக, கால் தனியாக.
கண்டக்டர் டெல்பின்ராஜும் கண்டக்டர் சுயம்புதாணுவும்
வெள்ளத்துக்கு மேலே கூவிப் பேசி முடிவெடுத்தார்கள்:
இந்தக் கரை டிக்கெட் அந்தக் கரையிலும் செல்லும்.
சட்டத்தில் இல்லை.
அந்த ஐப்பசி முழுக்கச் செல்லுபடியானது.

செயற்பொறியாளர் திருச்சிக்காரர். போனில் சொன்னேன்:
"சார், பாலத்தடியில வெள்ளம் கெடக்கு."
மறுமுனையில் நாற்காலி சத்தம்.
"வெள்ளமா? எத்தனை வீடு? ஆளுக பத்திரமா?"
"வீடொண்ணும் இல்ல சார். வெள்ளம். முட்டளவு."
"முட்டளவு வெள்ளமா?"
எங்கள் பக்கம் குடிக்கிறதும் வெள்ளம், குளிக்கிறதும் வெள்ளம்,
கஞ்சிக்கு உலையில் வைக்கிறதும் வெள்ளம் என்று
அவருக்குச் சொல்வதற்குள் என் பேலன்ஸ் தீர்ந்தது.

நேரில் பார்க்கிறேன் என்று புறப்பட்டாராம்.
ஜீப் கிழக்கு வாய் வரை வந்தது.
பாதை வெள்ளத்தில். ஆய்வுக்கு வழியில்லை என்று
ஆய்வு தள்ளிவைக்கப்பட்டது.

மாசி கடைசியில் வந்தார்.
சுரங்கப்பாதை எலும்பாய்க் காய்ந்து கிடந்தது.
நடுவில் ஒரு ஒற்றைச் செருப்பு, ஒரு செத்த நண்டு.
நண்டைக் காட்டினேன்.
"நண்டு சாட்சி சொல்லாது ரசலையன்" என்றார்.
நல்ல மனுஷர்தான். வேர்வையைத் துடைத்தார்.
பேனாவைத் திறந்தார்.
நீர்த்தேக்கம்: இல்லை.

"இத்திரி வெள்ளம் குடிக்கியளா சார்?"

சொம்பை வாங்கிப் பாதி குடித்தார்.
ஜீப் போனபின்
மிச்சத்தைத் தரையில் கொட்டினேன்.
ஒரு நொடி நின்றது.
பிறகு சரிவில் இறங்கிப் போயிற்று,
யாரிடமும் வழி கேட்காமல்.