அறிக்கை: சனிக்கிழமை, காலை

நாலே முக்கால். மைனஸ் ஒன்பது.
அளவுப் பலகையின் மேல் நாய் படுத்திருக்கிறது.

முழம் அகலம், முழம் நீளம்,
வெள்ளை அடித்த வெறும் பலகை.
இரவில் அதன்மேல் விழுவதுதான் கணக்கு.
காகசஸில் மற்ற இடத்தில் விழுவதெல்லாம்
சும்மா பனி.

சியாலா டார்ச்சைத் திருப்புகிறாள்.
பொம்போரா ஒரு கண்ணை மட்டும் திறந்து
வாலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
மூடிக்கொள்கிறது.
நேற்றிரவுப் பொழிவு, பலகையில்: பூஜ்யம்.
நாயைச் சுற்றி: பதினொரு சென்டிமீட்டர்.
நாயின் முதுகில்: நாலு.

எதை எழுதுவது?

அறையில் இரும்படுப்பு இன்னும் சூடேறவில்லை.
பேனா மை உறைந்து, வாயில் வைத்து ஊதுகிறாள்.
கீழே ஓட்டல்களில் எழுநூறு பேர்
பல் துலக்கும் முன்னே பார்ப்பது
அவள் எழுதும் அந்த ஒற்றை எண்ணைத்தான்.
த்பிலிசியில் வேன்கள்
எஞ்சினைப் போட்டுக் காத்திருக்கின்றன.

ரெவாஸ் ஃபோனில் வருகிறார்.
"இருபது போடேன்.
பக்கத்துப் பள்ளத்தாக்கில் முப்பதாம்."
"அங்கே மலை நம்முடையதைவிடக் குட்டை."
"மலை குட்டை. எண் உயரம்.
ஜனம் எதைப் பார்த்து வருகிறது, சொல்."

11 என்று எழுதுகிறாள்.
இரண்டு குச்சிகள்,
யாரும் ஏறாத லிஃப்டின் தூண்கள்போல.

இரவெல்லாம் சரிவுகளைச் சமன்செய்துவிட்டு
மேராபி இறங்கி வருகிறான்,
புருவத்தில் உறைபனியோடு, கையுறை கழற்றாமல்.
வடக்குச் சரிவு சலித்த மாவு.
கிழக்கில் மேலே மாவு, அடியில் கண்ணாடி.
மூன்றாம் லிஃப்டுக்குக் கீழே புல்லே தெரிகிறது,
பதினாலாம் தூணருகில்
போன கோடையின் மாட்டுச்சாணம்கூட.
எல்லாம் எழுதிக்கொள்கிறாள், சாணத்தைத் தவிர.

அப்புறம் அவன் டீயை வாங்கிக்கொண்டு
குடிக்காமல் நிற்கிறான்.
"மேல்கிண்ணத்து விளிம்பில் இறங்கி
ஓரடி வைத்தேன்.
'ஹும்' என்றது."
"எவ்வளவு பெரிசாக?"
"என் காலடியிலிருந்து பாறைவரை போயிற்று.
தூங்குகிறவன் புரண்டு படுக்கும்போது சொல்வானே,
அந்த மாதிரி."

படிவத்தில் காற்றுக்குக் கட்டம் உண்டு.
மேகத்துக்கு உண்டு, தெரிவுநிலைக்கு உண்டு,
சறுக்குவழிகள் திறந்தவை எத்தனை, மூடியவை எத்தனை.
'ஹும்'முக்குக் கட்டம் இல்லை.
ஓரத்து வெற்றிடத்தில் சின்னதாக எழுதுகிறாள்:
மேல்கிண்ணம் மூடப்படுகிறது. காரணம், ஓசை.

வானிலை முன்நோக்கு:
ஞாயிறு வெயில், கண்ணைக் கூசும்.
திங்கள் இரவு தெற்குக் காற்று.
செவ்வாய் மழைக்கோடு ஏறும்
ஆயிரத்தெண்ணூறு மீட்டர்வரை.
ஓட்டல்கள் இருப்பது ஆயிரத்தறுநூறில்.
முன்பனியில் வந்திருக்க வேண்டியது
பின்பனியில் வருகிறது,
கடன் வாங்கினவன்போல, பாதியோடு,
அதையும் திருப்பிக் கேட்டுக்கொண்டு.

ஒன்பது மணிக்கு வேன்கள் வந்துவிட்டன.
டிக்கெட் ஜன்னல் கரும்பலகையில்
11-இன் இரண்டாம் ஒன்றுக்கு
யாரோ மேலே ஒரு கோடிழுத்து
ஏழாக்கியிருக்கிறார்கள்.
சுண்ணாம்புக்கட்டி ரெவாஸின் சட்டைப்பையில் துருத்துகிறது.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அன்று முழுக்க மேல்கிண்ணம் விழவில்லை.
கோடு படாத வெள்ளை,
கல்யாண வீட்டில் யாரும் தொடாத இலைபோல
வெயிலில் விரிந்து கிடந்தது.
லிஃப்டில் போனவர்கள் எல்லாரும்
கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.
பணத்தைத் திருப்பித் தா என்றார் ஒருவர்,
நல்ல தடித்த குரலில், நியாயமாகவே.
விழாத பனிக்கு எங்கே போய்ச்
சாட்சி தேடுவது?
மூன்று மணிக்கு ஒருமுறை,
திறந்திருக்கலாமோ என்று
அவளே நினைத்தாள்.
மேராபியிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் பலகையைத் துடைத்து நேராக வைத்தாள்.
இரண்டடி தள்ளி ஒரு பழைய கோணியும்,
உள்ளே வைக்கோலும்.
பொம்போரா வந்து கோணியை முகர்ந்தது.
பலகையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது.

இன்றிரவு: பரவலாக மேகம்.
பொழிவு: ஐந்து முதல் எட்டுவரை.
நாய்: சொல்வதற்கில்லை.