இருதயராஜுக்கு இரண்டு தொண்டை

இரண்டு வருடமாக
என் இடது காதில் குடியிருந்தவர் இருதயராஜ்.
வலது பக்க ஹெட்போன் வேலை செய்யாது.
பஞ்சில் சுற்றிய வெண்கலம் மாதிரி
தணிந்த குரல்.
வானொலிக்குப் போயிருக்கவேண்டிய மனுஷன் என்று
எங்களுக்குள் ஒரு பேச்சே உண்டு.

கால் முறிந்ததென்று பார்க்கப் போனோம், நாலு பேர்.
ராயபுரம், கல்மண்டபம் தாண்டி
மீன் ஈரம் காயாத சந்து.
படியேறும்போதே மேலிருந்து விழுந்தது:
"செருப்ப உள்ள கொண்டாந்துடுங்க,
நாய் தூக்கிட்டுப் போயிடும்!"
யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்தேன்.

அவர்தான்.

துறைமுகத்துக் கண்டெய்னர் லாரிகள்
ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க ஹாரன் அடிக்கின்றன.
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு
தலைவழியே போர்வையை இழுத்துக்கொண்டுதான்
எங்களோடு பேசுவாராம்.
"மே மாசத்துல நனஞ்ச கோழி மாதிரி எழுந்து வருவாரு"
என்றார் மேபல்.
நாங்கள் வெண்கலம் என்றது
பாதிக்கு மேல் கம்பளி.

பிறகு யாருக்கும் பேச வரவில்லை.
கணேசமூர்த்தியும் நானும் ஒன்றாக வாயெடுத்து
ஒன்றாக நிறுத்தி
"நீங்க சொல்லுங்க."
"இல்ல, நீங்க."
முழங்கால் முட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு
"கேட்குதா?" என்றேன்.
மேபல் சிரித்துவிட்டார்.
"நீங்கதானா அது!
சுவத்துக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு
அதாங்க பேரு."

ஏழு வயது அக்சிலியா
என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள்.
"கம்ப்யூட்டர்ல இவங்க இன்னும் உயரமா இருந்தாங்க."
பொய்யில்லை.
தொண்டையை அரைப்படி கீழே இறக்கி
நிறுத்தி நிறுத்திப் பேசும் அங்கே
நான் ஐந்தடி எட்டு.

போன் அடித்தது. மேனேஜர்.
அவர் கை எட்டுமுன்
அக்சிலியா டிவியை அணைத்தாள்.
மேபல் குக்கர் அடுப்பைத் தணித்தார்.
நாலு டம்ளர் காபியும் உறிஞ்சப்படாமல் நின்றன,
யாரும் சொல்லாமலே.
மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டியபடி
போர்வை இல்லாமல்
எங்கள் கண்ணெதிரே இறங்கியது
அந்தக் குரல்:
"சொல்லுங்க சார்."
அவர் எங்களைப் பார்க்கவில்லை.
நாங்களும் சுவரில் மாதா காலண்டரைப் பார்த்தோம்,
குளிக்கும் இடத்தில் கதவைத் திறந்துவிட்டவர்கள் போல.

கீழே வந்து ஆட்டோக்காரரிடம்
மடிப்பாக்கம் என்றேன்.
ஒரு லாரி அதைத் தின்றது.
திரும்பவும் சொன்னேன்.
"எங்கம்மா?"
கத்தினேன்.
எங்கிருந்து வந்ததோ,
எந்த அறையிலும் நான் எடுக்காத தொண்டை.
மீன் வெட்டும் அம்மா கத்தியை நிறுத்தினார்.

மேலே ஜன்னலிலிருந்து பதில் வந்தது,
அப்படியே அப்பன் தொண்டையில்:

"கேட்குது!"