பாவனையில் உள்ளது

நாளைக் காலை ஸ்ரீயாணியின் மகன் வந்து
கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போவான்.
விலை பேசவில்லை. பழசு.
உள்ளே விசிறி
இழுப்பு வந்தவனைப்போல இரையும்.

அதற்குமுன் துடைத்துவிடவேண்டும்.
கலியாணப் படங்கள் ஒரு சொடுக்கில் போயின.
விசாவுக்கு நிரப்பிய படிவங்கள், அவர்கள் மறுத்த கடிதங்கள்,
ஒருநாளும் சமைத்துப் பார்க்காத புடிங் குறிப்புகள்,
‘சீட்டு இறுதி 2’, ‘சீட்டு இறுதி 3’,
‘சீட்டு உண்மையான இறுதி’,
எல்லாம் மறுபேச்சில்லாமல் போயின.

‘சீட்டு இறுதி’ மட்டும் நின்றது.

அழி என்றேன்.
முடியாது, கோப்பு பாவனையில் உள்ளது என்றது.
திரும்பவும் அழி என்றேன்.
திரும்பவும் அதே பெட்டி, அதே மரியாதை.
சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னே
பலகையைத் திருப்பி வைக்கும்
வங்கிக்காரியின் மரியாதை.

யார் பாவிப்பது?
இந்த வீட்டில் நானும்
நான் மீன் வெட்டும் நாட்களில் மட்டும்
என்னை மதிக்கும் கீழ்வீட்டுப் பூனையும்தான்.

அணைத்துப் போட்டேன்.
அணைத்தால் மறந்துவிடும் என்றார்கள்.
மாத்தறை ரயில் போனது, ஜன்னல் அதிர்ந்தது,
கடற்காற்றில் உப்புப் பூத்த விசைப்பலகையைத்
துணியால் துடைத்துவிட்டுத் திறந்தேன்.
மறக்கவில்லை.

பன்னிரண்டு பேர். ஆளுக்குப் பத்தாயிரம்.
ஃபர்ஸானா, குணநிதி மிஸ், மருந்துக்கடை லோகதாசன்,
ஏழாவதாக ஸ்ரீயாணி.
மூன்றாம் மாதம் எடுத்தவள் யோகராணி.
ஐந்தாம் மாதம் அவள் கதவில் வேறொரு பூட்டு.
ருமேனியா என்றார்கள். தையல் பெக்டரி என்றார்கள்.
மீதி எட்டு மாதமும்
அவள் பெயருக்கு நேரே நான் கட்டினேன்.
செட்டியார் தெருவில் ஒரு மெல்லிய காப்பு,
நிறுத்தவன் முகத்தைப் பார்க்காமல் வந்தேன்.
சீட்டு உடையவில்லை. ஒருவருக்கும் தெரியாது.
ஸ்ரீயாணியின் மகன் திறந்து பார்த்தால் தெரியும்.

பம்பலப்பிட்டிக் கடை மஃபாஸுக்குப் போன் எடுத்தேன்.
“அடிச்சிக்கிட்டே ஈக்க வாணாம் அக்கா.
அது பிடிவாதம் புடிக்கல்ல.
ஆரோ அதப் புடிச்சிக்கொண்டு ஈக்கிற.
ஆரெண்டு பாருங்கொ.”

ஆரெண்டு எனக்குத் தெரியாதா?
எட்டுக் கட்டத்தைப் பிடித்துக்கொண்டு
எங்கோ பனியில் காற்சட்டை தைக்கிறாள்.
சொல்லவில்லை. அவன் சொன்ன இடத்தைத் திறந்தேன்.

பிரிண்டர்.
வரிசையில் ஒரே ஒரு வேலை.
கோப்பு: சீட்டு இறுதி. பக்கம்: ஒன்று.
அனுப்பியவர்: நான்.

நினைவு வந்தது.
அவள் கதவின் கீழால் தள்ளிவிட என்று
கணக்கை அச்சுக்குக் கொடுத்த இரவு.
கரண்ட் போனது.
வந்தபோது தாள் இல்லை.
பள்ளிக்கூடச் சோதனைக்கே தாள் இல்லாத மாதம்,
காலி வீதியில் ஐந்து கடை ஏறி இறங்கினேன்.
தாள் கிடைத்த அன்று
தள்ளுவதற்குக் கதவு இருந்தது, ஆள் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை திறக்கும்போதும்
என் கட்டளை எழும்பி,
முகம் கழுவாமல், பெட்ரோலுக்கு நின்ற சனம்போல
வரிசையில் போய் நின்றிருக்கிறது.
சேமிக்க விடாமல், அழிக்க விடாமல்.
அதனால்தானே மாதத்துக்கொரு இறுதி எழுதினேன்.

அழிக்குமுன் ஒருமுறை திறந்து பார்த்தேன்.
யோகராணியின் ஐந்தாம் மாதக் கட்டம்
இன்னும் வெள்ளையாக இருந்தது,
பத்தாம் திகதிக்கு இன்னும் நாள் இருப்பதுபோல.

வேலையை ரத்துச் செய்தேன்.
கோப்பு போனது. சத்தம்கூட இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து
பிரிண்டர் தானாகத் தொண்டையைச் செருமி
ஒரு தாளைத் தள்ளியது.
வெறுந்தாள்.
அந்த மாதத்தில் இதற்கு ஒரு விலை இருந்தது.

எடுத்து, ஸ்ரீயாணியின் மகனுக்கு எழுதினேன்:
நீல வயர் பின்பக்கம் இரண்டாவது ஓட்டை.
பொத்தானை இரண்டுதரம் அமத்து.
இரைந்தால் பயப்படாதே.