இரண்டு காதிலும்

குழந்தைக்காகத்தான் போனோம்.
ரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து
ஒரு தாளில் என் கணக்கு வந்தது:
நாற்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில்
நாற்பத்தேழு.
புழுப்புழுவாய், ஜோடி ஜோடியாய் நிற்கவைத்த படம்.
கடைசியில் மட்டும் மூன்று பேர்:
இரண்டு எக்ஸ், பக்கத்தில் குட்டையாய் ஒரு ஒய்.

எனக்கு மேல்விஷாரத்தில் ஷூ கம்பெனி.
இடது வலது பார்த்து ஜோடி சேர்க்கிற வேலை.
பதினோரு வருஷத்தில் ஒரு டப்பாகூடத் திரும்பியதில்லை.
ஜோடி இல்லாததைக் கண்டால்
கை தானாக எடுத்து ஓரம் வைத்துவிடும்.
அந்தப் படத்தின் மேலும் கை போனது.

"பேச்சு லேட்டா வந்திச்சா?" என்று கேட்டாள்
ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிற பிரிசில்லா.
என்னத்தைச் சொல்ல.
நாலு வயசு வரை 'தண்ணி' மட்டும்தான்.
ஏழாம் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்க நின்றேன்,
மணி அடித்தது, எல்லோரும் போய்விட்டார்கள்,
முதல் சீர் அப்போதுதான் நாக்குக்கு வந்தது.
இதில் பாதியைத்தான் அவளிடம் சொன்னேன்.
மீதி இப்போது வருகிறது.

ஹெட்போன் மாட்டினாள்.
இடது காதில் 'ப', வலது காதில் 'த',
ஒரே நொடியில்.
எது கேட்டதோ அதைச் சொல்ல வேண்டும்.
பலருக்கு வலது முந்துமாம்;
பேச்சு இடப்பக்க மூளையில் குடியிருப்பதால்
அந்தக் காதுக்கு வழி நேராம்.
எனக்கோ இரண்டும் சேர்ந்து வந்து
வாசலில் இடித்துக்கொண்டு நின்றன,
நீ போ, நீ போ என்று.
"பரவால்ல தேசிங்கு சார், இதுல பாஸ் ஃபெயில் கிடையாது."
முப்பத்தாறு வயதில் முதல்முறையாக
ஒருத்தர் இதைச் சொல்கிறார்.

ஆற்காடு பஸ்ஸில் கோட்டீஸ்வரி ஜன்னலோரம்.
"எல்லாரும் கொறை கொறைன்னாங்க.
உனக்கு ஒண்ணு கூடத்தான கீது."
சொல்லிவிட்டு அழுதாளா, சிரித்தாளா,
லாரி ஹாரனில் பிடிபடவில்லை.
எனக்குள் பதில் கிளம்பியது.
சத்துவாச்சாரி போனது, பெருமுகை போனது,
பூட்டுத்தாக்கும் போனது.
இறங்கி, சோறு தின்று, விளக்கை அணைத்தும்
அது வந்து சேரவில்லை.

மறுநாள் பதினொன்றரைக்கு,
எட்டாம் நம்பர் இடதைக் கையில் வைத்து
வலதைத் தேடும்போது வந்தது.
கக்கூஸ் பக்கம் ஒதுங்கி போன் போட்டேன்.
"ஆமா" என்றேன்.
"இன்னாத்துக்கு ஆமா?"
பின்னால் குக்கர் விசில்.
சூபர்வைசர் பார்க்கிறார்.
சொல்ல ஆரம்பித்தேன்.
அவள் போனை வைக்கவில்லை.