நூற்றுப் பன்னிரண்டு

நாலு மாசம் வள்ளியூரில் தம்பியிடம் இருந்துவிட்டு
வண்டி வீட்டுக்கு வந்தபோது
மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.
எப்ப இருந்துடா?
"கவனிக்கல."
வேகமா போனியா?
"அறுபதத் தாண்டல."
நம்பிராஜனுக்கு எல்லாக் கேள்விக்கும் அறுபதுதான்.

கம்பெனியில் ஸ்கேன் பண்ண மட்டும் ஐந்நூறாம்.
எழுநூற்றைம்பதுக்கு ஸ்கேனரையே வாங்கிவிட்டேன்,
தீப்பெட்டி அளவில், கறுப்பாக.
இந்தக் கணக்கை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி பத்தரை. தச்சநல்லூர், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
சீட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.
பேட்டரிக்குப் பின்னால் சிவப்பு மூடிக்குள்
ஆறு துளை.
ஸ்கேனருக்கோ பதினாறு பல்.
இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு வயர்,
அது தனியாக இருநூற்றிருபது.
சாவியைத் திருப்பு, எஞ்சினை எழுப்பாதே
என்று தாளில் போட்டிருந்தது.

புளூடூத்தைத் திறந்தால் தெருவே வந்து நிற்கிறது:
ஜெபா கார்.
எஸ்.எம். சவுண்ட் சர்வீஸ்.
பெயரில்லாத ஒரு கைக்கடிகாரம்.
காந்திமதி டீச்சர் இடது காது.
வலது காதைக் காணோம், கழற்றி வைத்திருப்பார்கள்.
எதையோ தொட்டுவிட்டேன் போல.
எதிர்வீட்டு மாடி ஸ்பீக்கரில்
என் போனில் ஓடிய வீடியோக்காரன்
"முதல்ல இக்னிஷன ஆன் பண்ணுங்க நண்பர்களே" என்று கத்தினான்.
"ஏட்டி, யாரது?" என்றது ஒரு ஜன்னல்.
போனை மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.

கடைசியில் வந்தது,
எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பெயர்.
ரகசிய எண் கேட்டது.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
எல்லா ஸ்கேனருக்கும் இதுதான் ரகசியம்.
மறுத்தது.
பிடுங்கிச் செருகினேன். மறுத்தது.
ஒரு சரக்கு ரயில் போய் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்,
அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.
கடைசிப் பெட்டி போனதும்
நீல விளக்கு சிமிட்டுவதை விட்டு நிலைத்தது.

பழுது ஒன்று.
ஆக்சிஜன் சென்சார், சூடேற்றும் கம்பி, தொடர்பு இல்லை.
டார்ச்சும் விரலுமாகத் தடவிப் போனால்
பிளக் பாதி கழன்று தொங்குகிறது.
அழுத்தினேன். டக்.
வேலை அவ்வளவுதான்.

அதற்குக் கீழே இன்னொரு பொத்தான் இருந்தது:
பழுது நேர்ந்த கணம்.

வேகம் 112.
சுழற்சி 8640.
திராட்டில் முழுக்கத் திறந்து.

தேதி இல்லை. இடம் இல்லை.
லேபில் பெயர் ஒட்டாத ரத்தக்குழாய் வந்தால்
நான் தொடவே மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆடியில் கூட்டாளிகளோடு குற்றாலம் போனானே,
அந்த ரோடாக இருக்கலாம்.
ஆவணியில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நான் போன் பண்ணினேனே,
"அப்பாவுக்கு மூச்சு இழுக்குதுடா, வா" என்று,
அந்த ரோடாகவும் இருக்கலாம்.
அவன் வந்து சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.
பெரியப்பா, அத்தைமார், வார்டு ஆயா, எல்லார் முன்னாலும் கேட்டேன்:
"ஊர்ந்துகிட்டா வந்த?"
ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடி
"ஆமா, அறுபதுல" என்றான்.

அழிக்கவா என்று திரை கேட்டது.
ஆம். இல்லை.
விரல் நுனியில் கிரீஸ்.

பிளக் பொருந்திவிட்டதால் விளக்கு தானே அணையுமாம்,
மூணு நாலு தடவை ஓட்டினால்.
நாற்பது தடவை எஞ்சின் சூடாகி ஆறினால்
அந்தக் கணமும் தானே அழியுமாம்.
இல்லை என்று தொட்டுவிட்டு
சீட்டை மாட்டினேன்.

விளக்கு புதன்கிழமையே அணைந்துவிட்டது.
"ஸ்கேனர் சேந்துச்சாக்கா?" என்று போனில் கேட்டான்.
"சேரல" என்றேன்.

இன்று காலை லேபுக்கு வந்தது
பதினேழாவது தடவை.