பதினான்கு விழுக்காடு

தண்டையார்பேட்டை வளாக நூலகம், இரண்டாம் மாடி.
என் மேசைக்கு மேல் 'ஆய்வு உதவி' என்று பலகை.
பிள்ளைகள் வைத்த பெயர் வேறு:
செக்போஸ்ட்.

ஆய்வேடு வரும். எந்திரத்துக்குள் போடுவேன்.
மென்று, நிறம் பூசித் துப்பும்.
சிவப்பு, ஊதா, பச்சை.
எவ்வளவு அடுத்தவர் சொல் என்று
கடைசியில் ஓர் எண்.
பத்தைத் தாண்டினால் நான் கையெழுத்துப் போடக்கூடாது.

நன்றியுரைதான் எப்போதும் முதலில் மாட்டும்.
'தக்க நேரத்தில் நூல்கள் தந்துதவிய நூலகப் பனியாளர்களுக்கு'
நாற்பத்தோரு ஆய்வேடுகளில் இதே வரி, இதே பிழை.
முதலில் எழுதியவர் யாரோ, எங்கள் பணியைப் பனியாக்கிவிட்டார்.
தண்டையார்பேட்டையில் பனிக்கு எங்கே போவது?
கணக்கிலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.

நிரோஷாவுக்கு வந்தது பதினான்கு.
எண்ணூர்க் கழிமுகத்தில் கையால் இறால் தடவுகிறவர்களைப் பற்றிய ஆய்வு.
பறியைப் பல்லில் கடித்தபடி, கழுத்தளவுத் தண்ணீரில்,
விரலால் தேடுகிறவர்கள்.
நாற்பத்தாறாம் பக்கம் முழுக்கச் சிவப்பு.
"சாம்பல் வந்தப்புறம் எங்க கைக்குக் கண்ணு தெரியல."
மூலம் எண் ஆறு:
பதினோரு வருடத்துக்கு முந்தைய ஏதோ குழுவின் அறிக்கை.

'எடுத்தியாம்மா?' என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
'மேடம், அது எங்கக்கா சொன்னது.
போன ஆடியில, மீன் ஆய்ஞ்சுக்கினே சொல்லுச்சு.'
போனை நீட்டினாள்.
கன்டெய்னர் லாரி ஹாரன், ஒரு குழந்தையின் இருமல்,
நடுவில் அந்தக் குரல், அந்த வரி,
ஒரு சொல் பிசகாமல்.

எபிநேசரைக் கூப்பிட்டேன்.
கீழ்த்தளத்தில், மழைக்குத் தார்ப்பாய் போர்த்திய அடுக்குகளில்,
விலையில்லாத, அட்டையில்லாத அறிக்கைகள் கிடக்கின்றன.
சாம்பல் இலக்கியம் என்போம் எங்கள் தொழிலில்.
அவள் முன்னால் அந்தச் சொல்லை விழுங்கினேன்.
நாற்பது நிமிடம் கழித்து வந்தார்,
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றவரைப் போல வேர்த்து.
பக்கம் பதினெட்டு. அதே வரி.
சொன்னவர்: 'உள்ளூர்ப் பெண் ஒருவர்.'

நிரோஷா அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.
'ஆமா, வந்தாங்க. நாலு பேரு, தொப்பி போட்டுக்கினு.
நான்தான் டீ வாங்கியாந்தேன்.
பேரு கேட்டாங்க, சொன்னேன். எழுதிக்கினாங்களே.'
பிறகு,
'இப்ப இன்னாவாம்? துட்டு ஏதாச்சும் வருதா?'

அடிக்குறிப்பு எழுத உட்கார்ந்தோம்.
மூன்று முறை அடித்தாள். முதல் இரண்டிலும் கோபம் தெரிந்தது.
மூன்றாவது:
'இக்கூற்று கா. தேசராணியுடையது. அவர் பெயரின்றி முன்பே அச்சானது.'
மறுபடி எந்திரத்தில் போட்டேன்.
பதினான்கு.
அடிக்குறிப்பெல்லாம் அதற்குப் புரியாது.
கையால் நான்கு வரி எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்திட்டேன்.
துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து யாராவது கேட்டால்
நான் பேசிக்கொள்கிறேன்.

மாலையில் மணலிக் காற்று திரும்பியது. ஜன்னலை மூடினேன்.
பட்டியலில் அந்த அறிக்கையின் பதிவைத் திறந்தேன்.
ஆசிரியர் புலத்தைத் தொட எனக்கு உரிமையில்லை.
அங்கே நான்கு முனைவர்கள்.
குறிப்புப் புலம் காலி.
அதில் எழுத யாரும் யாரையும் கேட்பதில்லை.
'ப. 18-இல் பேசுபவர்: தேசராணி, கா., எண்ணூர்.'
சேமி.
பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தேன்.
முடிவுகள்: 1.

மார்கழியில் கட்டுப்போட்ட பிரதி வந்தது, கரும்பச்சை அட்டை.
பழக்கம், நன்றியுரையைத்தான் முதலில் புரட்டினேன்.
அக்கா முதல் வரியில்.
நாங்கள் எட்டாவதில்:
'தக்க நேரத்தில் நூல்கள் தந்துதவிய நூலகப் பனியாளர்களுக்கு.'
நாற்பத்திரண்டு.

பென்சிலை எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.