நான்கு வரி

வியாழக்கிழமை வேதபாடத்தில்
நான்தான் சத்தமாகப் பேசினேன்.
ஓர் எழுத்தும் பிசகாது என்றேன்.
பெங்களூரிலிருந்து லீவில் வந்த பையன்
"அடிமைகளைப் பத்தியும் எழுதியிருக்கே அங்கிள்"
என்று ஆரம்பித்தான்.
மேசையைத் தட்டி அவனை உட்காரவைத்தேன்.
தட்டியதில் டீ தளும்பி
என் வேதத்தின் ஓரம் நனைந்தது.
ஃபேனுக்கு நேரே விரித்துக் காயவைத்தேன்,
ஜெயித்தவனாக.

ஞாயிறு.
மே மாதத்துக் காகிதப்பட்டறை.
எட்டு மணிக்கே மலைப்பாறை கொதிக்க,
மணி அடித்தது. அடித்தவர் மாசிலாமணி.
இருபது வருடம் ராணிப்பேட்டையில் தோல் பதனிட்டு
ரசாயனம் தின்ற விரல்களோடு
கோயில் வேலைக்கு வந்தவர்.
பீடத்தருகே இருக்கும் பெரிய புத்தகத்தை
முதல் நாள் தூக்கியபோதே
அட்டையைத் தடவி,
"வெள்ளாடு சார், நல்ல பதம்" என்றவர்.
உள்ளே என்னவென்று
வாசிக்கத் தெரியாது.

பாடம் அட்டவணைப்படி வந்தது,
நான் தேர்ந்தெடுக்கவில்லை.
படியேறிக் கண்ணாடி மாட்டி
ரிப்பன் கிடந்த பக்கத்தைப் பார்த்தால்
நடுவில் நான்கு வரி, கூலியைப் பற்றி.
கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி.
அது சத்தம் போடுமாம்.
கேட்கவேண்டியவர் காதில் விழுமாம்.

மாசிலாமணிக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
புது மைக் செட்டுக்கு முன்பணம் போனதில்
கமிட்டி பிறகு பார்க்கலாம் என்றது.
பச்சை லெட்ஜரில் 'நிலுவை' என்று எழுதியது
பொருளாளரான என் கை.
அழகான கையெழுத்து, எல்லோரும் சொல்வார்கள்.

அந்தப் புது மைக் முன்னால்தான் நின்றேன்.
வாசித்துக்கொண்டே வந்து,
பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது
யாரும் கீழே குனிந்து பார்ப்பதில்லையே,
அப்படிக் கடந்தேன் நான்கு வரியை.

கூரை விழவில்லை.
மைக் இரையவில்லை.
செல்போனில் பார்த்தவர்கள் விரலால் தள்ளினார்கள்.
கூடவே வாசிக்கும் செல்லாபாய் டீச்சரின் சுட்டுவிரல் மட்டும்
அங்கேயே நின்றது, கொஞ்ச நேரம்.

இதற்கா அதிகாரம் என்று பெயர்?
தாண்டினால் தாண்டவிடுகிறது.
தாலுகா ஆபீஸ் காகிதம்கூட
சீல் குத்திக் கெடு வைத்து மிரட்டும்.
இது
விரித்த இடத்தில் விரிந்து கிடக்கிறது,
நான் இறங்கிப் போனபின்னும்
அந்தப் பக்கத்திலேயே.

எல்லோரும் போனபின்
மாசிலாமணி துணியோடு வந்தார்.
அட்டையைத் துடைத்தார். ரிப்பனை நேராக்கினார்.
"இன்னிக்குப் பாடம் சின்னதா இருந்துச்சு சார்."
கிண்டலா என்று முகத்தைப் பார்ப்பதற்குள்
ஜன்னல் சாத்தப் போய்விட்டார்.

திங்களன்று கமிட்டியைக் கேட்காமல்
இரண்டு மாதத்துக்குக் கொடுத்தேன்.
என் எதிரிலேயே எண்ணினார்,
இரண்டு தடவை.
நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்லவேண்டும்?
மூன்றாவது மாதத்துக்குப்
பெட்டியில் பணமில்லை என்றேன்.
பாதி உண்மை.

மறு வியாழன்
அந்தப் பையன் அதே கேள்வியோடு வந்தான்.
டீ தள்ளியிருந்தது. மேசையும் தப்பித்தது.
முழுதாகக் கேட்டு முடித்தான்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
நனைந்த பக்கங்கள் காய்ந்து உப்பி
மூடியும் மூடாமல் இருந்த வேதத்தைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே, மண்டபத்தில்,
யாரோ நாற்காலி அடுக்கும் சத்தம்.
ஒன்றின்மேல் ஒன்று,
ஒன்றின்மேல் ஒன்று.